வெயில் சாப்பிடும் வாட்ச்

என் தங்கச்சி லோகேஸ்வரி வீட்டில் கேட்டைப் பூட்டும் உரிமை ஒருத்தனுக்குத்தான் உண்டு, அவள் மகன் கிஷனுக்கு. வேறு யாராவது தெரியாமல் பூட்டிவிட்டால் வீட்டை இரண்டாக்கிவிடுவான். முப்பது வயது தாண்டியவன், நல்ல உயரம். அவனுக்கு இருப்பதற்கு டாக்டர்கள் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், அரசாங்கம் ஒரு அட்டையும் கொடுத்திருக்கிறது. எனக்கு அவன் கிஷன், அவ்வளவுதான்.

அவனுடைய நாள் முழுவதும் இடது கை வாட்சைப் பார்த்துத்தான் நகரும். குளிக்க, மைலோ குடிக்க, மதியம் படுக்க என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நேரம் உண்டு. சாயந்திரம் ஆறேகாலுக்கு அலாரம் கத்தும். உடனே போய் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். அவன் அப்பா இராமலிங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை முடிந்து, கொமுட்டர் ரயில் ஏறி, கிள்ளான் ஸ்டேஷனில் விட்டுவைத்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார். மோட்டார் உள்ளே நுழைந்த பிறகு கிஷன் பூட்டுவான். மழையில் ரயில் பிந்தினால் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். அப்பா வராமல் பூட்டு இல்லை.

அந்த வாட்சுக்கும் ஒரு கதை இருக்கிறது. முன்னால் அவன் கட்டியிருந்தது பேட்டரி வாட்ச். ஒரு தீபாவளி சமயத்தில் பேட்டரி தீர்ந்துபோனது, கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. கிஷன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தலைவலி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இராமலிங்கம் பல வருஷமாக வெயிலில் சார்ஜ் ஆகிற ஜப்பான் வாட்ச் ஒன்று கட்டியிருந்தார். கடை திறந்ததும் அதே மாதிரி இன்னொன்று மகனுக்கு வாங்கிவந்தார்.

"இதுக்குப் பேட்டரி மாத்தவே வேணாம்டா. இது வெயில் சாப்பிடும்" என்றார்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் அந்த மனுஷனுக்கு இருந்த பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. மூலையில் ஒரு சின்ன எழுத்து தெரியும். எச் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது, எம் என்றால் அரை வயிறு, எல் என்றால் பசி. சட்டைக் கை மூடினால் சாப்பிட முடியாது, அதனால் இடது கையை எப்போதும் மேலே மடித்துவிட வேண்டும். மோட்டார் சீட்டில், காரின் முன் கண்ணாடிக்குக் கீழே வைக்கக் கூடாது. "சாப்பாடு போடுறோம்னு சட்டியில போட்டு வறுக்கக் கூடாது" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வாட்சும் ஜன்னல் விளிம்பில் வடகம் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் காயும்.

அதற்கப்புறம் ஒரு வித்தை காட்டுவார். தன் வாட்சை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். இரண்டு பேரும் ஒரு படம் பார்ப்பார்கள். படம் முடிந்து கதவைத் திறந்தால் வாட்ச் முகத்தில் ஒன்றும் இருக்காது.

"கொசோங்!" என்று கத்துவான் கிஷன். அப்பா சர்க்கரைக்காரர், கடையில் 'தே ஓ கொசோங்' என்றுதான் கேட்பார். ஒன்றும் போடாமல், வெறுமனே என்று அர்த்தம். அங்கே கற்றுக்கொண்ட வார்த்தை.

"கொசோங் இல்லடா. இருட்டுல இருந்துச்சா, தூங்கிருச்சு. வெளிச்சத்துக்குக் கொண்டு வா."

ஜன்னலுக்குக் கொண்டுபோவான். நம்பர்கள் திரும்ப வரும், நேரம் அச்சுப் பிசகாமல் இருக்கும். கிஷன் கை தட்டிச் சிரிப்பான். ஒவ்வொரு ஞாயிறும் முதல் தடவை பார்க்கிற மாதிரியே சிரிப்பான்.

இராமலிங்கம் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனார், மறுநாள் பெட்டியில் வந்தார். ஆபீஸில் மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் அவர் பர்ஸ், மோட்டார் சாவி, வாட்ச் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் தங்கச்சி லோகா கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பெட்டியை ஹாலில் வைத்திருந்தபோது கிஷன் கிட்டே போனான். அப்பாவுக்குக் கை நீளமான பட்டுச் சட்டை போட்டிருந்தார்கள். இவன் குனிந்து அந்தச் சட்டையின் இடது கையை மேலே மடிக்க ஆரம்பித்தான். அவசரமில்லாமல், மடிப்பு கலையாமல், அவருக்குப் பிடித்த மாதிரி. எனக்குப் புரிந்தது, லோகாவுக்கும் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை. "பிடிங்க, அவனைப் பிடிங்க" என்று ஒரே கூச்சல். இராமலிங்கத்தின் தம்பி விஜயன் அவனைத் தோளோடு அணைத்துப் பின்னால் இழுத்தார்.

"அப்பா தூங்குறாருடா. எழுப்பக் கூடாது."

அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அப்பா தூங்குறாரு, சாமிகிட்ட தூங்குறாரு, நல்லா தூங்கட்டும். நம் ஆட்கள் கத்திரிக்காய் விலையைக்கூட உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார்கள், சாவு என்ற இந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. மூடி போடுகிற நேரத்தில் கிஷனைச் சீன அங்கிள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே பிள்ளை அங்கே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். விஜயன் வைத்தார். அது தப்பு என்று தெரிந்தும் அன்றைக்கு நானும் தடுக்கவில்லை.

நான் செந்தூலில் இருக்கும் என் ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டுத் தங்கச்சியோடு தங்கினேன். கருமக்கிரியை முடிந்து சொந்தங்கள் கலைந்துபோனார்கள். ஆறேகால் மட்டும் போகவில்லை. அலாரம் கத்தும், கிஷன் கேட்டைத் திறப்பான். தெருவில் எந்த மோட்டார் வந்தாலும் கழுத்து நீளும், போனதும் சுருங்கும். இருட்டி, கொசு பிடுங்க ஆரம்பித்த பிறகு லோகா போய்ச் சாப்பாட்டைச் சொல்லி உள்ளே அழைத்துவருவாள். கேட் மட்டும் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கும். திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

"சொல்லிடேன்டி. எத்தனை நாளைக்கு இப்படி நிப்பான்?" என்று கேட்டேன்.

"அவன் ஒருத்தனாவது அவரு வருவாருன்னு நம்பிக்கிட்டு இருக்கட்டும்கா" என்றாள். அவள் குரலைக் கேட்டு அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் லோகா ஏதோ எடுக்க அலமாரியைத் திறந்தபோது கிஷன் அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்துவிட்டான். நாங்கள் தடுப்பதற்குள் வாட்ச் அவன் கையில். முகத்தில் ஒன்றுமில்லை.

"அப்பா வாட்சு. கொசோங்" என்றான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு தானே திருத்தினான். "கொசோங் இல்ல. தூங்குது."

ஜன்னலுக்கு ஓடினான். வெயில் பட்டதும் வாட்ச் விழித்துக்கொண்டது. இவன் கை வாட்சும் அதுவும் ஒரே நேரத்தைக் காட்டின. அவன் கை தட்டிச் சிரித்தான். அப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நாங்களும் அழுதுகொண்டே சிரித்துவிட்டோம், மடச்சிகள்.

சிரித்து முடித்து அவன் அம்மாவைப் பார்த்துக் கேட்டான். "அப்பாவை எப்ப வெளிச்சத்துக்குக் கொண்டு வருவோம்?"

லோகா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். விஜயன் சொன்ன பொய்யும் இராமலிங்கம் சொன்ன உண்மையும் அந்தப் பிள்ளையின் தலைக்குள் போய் ஒன்றாகிவிட்டன. அப்பா இருட்டுப் பெட்டிக்குள் தூங்குகிறார். பெரியவர்கள் யாரும் ஜன்னலைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

அதற்கு அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிஷனைக் காணவில்லை. தெருத் தெருவாகத் தேடினோம். தெரு முனையில் இருக்கும் பெரிய ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கொண்டேனர் லோரிகள் யாரையும் பார்த்து நிற்பதில்லை. என் தங்கச்சி முருகா முருகா என்று கத்திக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். அப்போது அவள் போன் அடித்தது. கிஷன் கழுத்தில் தொங்கும் அட்டையில் அவள் நம்பர் இருக்கிறது.

"அக்கா, உங்க பையன் இங்க மின்சுடலையில இருக்கான். பயப்படாதீங்க லா, பத்திரமா இருக்கான்" என்றார் யாரோ.

அவனைப் போன்றவர்களுக்கான பகல் பராமரிப்பு நிலையத்துக்கு அவன் போகிற வேன் தினமும் அந்தப் பக்கம்தான் போகும். ஒரு நாள் காரில் போகையில் விஜயன்தான், அப்பாவை அங்கேதான் கொண்டுபோனோம் என்று காட்டியிருக்கிறார். அந்த லோரிகளுக்கு நடுவில் இவன் தனியாக ரோட்டைக் கடந்து போயிருக்கிறான்.

நாங்கள் போனபோது மூடிய இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அப்பாவின் வாட்சைக் கையில் நீட்டிப் பிடித்திருந்தான். பக்கத்தில் அங்கே வேலை செய்பவர் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார், பாவம், அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"மா, இந்த அங்கிள் கதவு தொறக்க மாட்டேங்குறாரு. உள்ள ரொம்ப இருட்டு. அப்பா எப்படி முழிப்பாரு?"

லோகா அதுவரை அந்த இடத்துக்கு வந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பெண்கள் சுடுகாடு வரை போவதில்லை, வாசலோடு நின்றுவிடுவோம். அவள் அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். "வா, வீட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. "அவரைத்தான் காப்பாத்த முடியல. இவனையும் லோரிக்குக் குடுக்கப் போறியா?" என்று கேட்டேன். கொடுமையான பேச்சுதான். மறுநாளிலிருந்து பகலில் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவளே உட்கார்ந்துகொண்டாள். தைத்தாள், வெங்காயம் உரித்தாள், சும்மா இருந்தாள். பூட்டினால் பிள்ளை உடைந்துபோவான், பூட்டாவிட்டால் ஓடிப்போவான். வேறு வழி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் வாட்ச் மூலையில் எல் விழுந்தது.

"பசி" என்றான் கிஷன். காலையிலிருந்து சாயந்திரம் வரை வெயிலில் வைத்தான். எம் வந்தது. ராத்திரிக்குள் திரும்ப எல் ஆனது. மறுநாளும் வைத்தான், எம் வரவே இல்லை. பிறகு நம்பர்கள் மங்கின, ஒரு நாள் காலையில் முகம் வெறுமையாகிவிட்டது. ஜன்னல் வெயிலிலேயே வெறுமையாக இருந்தது. கிஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன்னுடையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அவனுடையதில் எச் இருந்தது. அவனுக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. வெயில் இருக்கிறது, முகத்தை மறைக்கிற சட்டைக் கை இல்லை, அப்படியும் ஏன் முழிக்கவில்லை?

தெங்கு கிளானா சாலையில் கமலநாதன் என்று ஒருவர் வாட்ச் கடை வைத்திருக்கிறார். மூன்று பேரும் போனோம். தெரு முழுக்கப் பூமாலை வாசமும் பாட்டுச் சத்தமும். அவர் வாட்சின் முதுகைத் திறந்து பார்த்தார்.

"இதுக்குள்ளயும் ஒரு குட்டி செல் இருக்குக்கா. வெயில்ல வர்ற சார்ஜை அதுதான் பிடிச்சு வெச்சுக்கும். வருஷக்கணக்கா ஓடிருச்சு, இனிமே பிடிக்காது. எவ்வளவு வெயில் காட்டினாலும் வேஸ்ட்."

"புதுசு போடலாம்ல?" என்றேன்.

"தாராளமா போடலாம். ஆர்டர் பண்ணா அடுத்த வாரம் வந்திரும். திரும்ப ஓடும்."

நான் கைப்பையைத் திறந்துவிட்டேன். வாட்ச் ஓடினால் பிள்ளை சிரிப்பான், அதைத் தவிர என் புத்தியில் அப்போது எதுவும் இல்லை. லோகா என் கையை அமுக்கினாள்.

"வேணாம் அண்ணே. மூடிக் குடுங்க."

"ஏன்டி? அவரோட வாட்சுடி!"

"வேணாம்கா."

அவள் வாட்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கிஷன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு யாராவது முகத்துக்கு நேரே பேசினால் பிடிக்காது, அதனால் அவன் தோளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கிஷன், இது தூங்கல."

"தூங்குது. வெயில்ல வெக்கலாம்."

"வெச்சோம்ல? எத்தனையோ நாள் வெச்சோம். முழிச்சுதா?"

அவன் அவள் உள்ளங்கையில் இருந்த வாட்சை விரலால் தட்டிப் பார்த்தான்.

"இது தூங்கலப்பா. செத்துப்போச்சு. வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தாலும் முழிக்காது." மூச்சை ஒரு தடவை இழுத்துக்கொண்டாள். "அப்பாவும் தூங்கல. சித்தப்பா தப்பாச் சொல்லிட்டாரு. அப்பா செத்துப்போயிட்டாரு."

கமலநாதன் எழுந்து, ஒரு வேலையும் இல்லாமல், உள்ளே போய்விட்டார். எனக்கு என் தங்கச்சி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இருக்கிற ஒரே ஞாபகத்தையும் இவள் தன் கையாலேயே சாகடிக்கிறாளே என்று நினைத்தேன். கிஷன் அவள் உள்ளங்கையிலிருந்து வாட்சை எடுத்துக்கொண்டான். வீடு வரும் வரை கார் ஜன்னல் வழியாக அதை வெயிலில் பிடித்தபடியே வந்தான். லோகா தடுக்கவில்லை.

மறுநாளும் ஜன்னலில் வைத்தான். அதற்கடுத்த நாளும் வைத்தான். ஒரு காலையில் பார்த்தபோது ஜன்னல் விளிம்பில் ஒரே ஒரு வாட்ச்தான் காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவுடையது ஹாலில் அவர் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. யாரும் அவனிடம் அங்கே வைக்கச் சொல்லவில்லை. நாங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேசினால் எது கலைந்துவிடுமோ என்று பயம்.

அன்று சாயந்திரம் ஆறேகாலுக்கு அலாரம் கத்தியது. கிஷன் எழுந்து போய் கேட்டைத் திறந்தான். நான் பெருமூச்சு விட்டுவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். லோகா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு மோட்டார் வந்து, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. இவன் கழுத்து நீளவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தான். பிறகு கேட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்தான். சங்கிலியைச் சுற்றினான்.

அந்தச் சங்கிலிச் சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கிறது. அத்தனை நாளாக அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்கவே இல்லையே. லோகா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"பூட்டாதடா!"

கிஷன் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"பூட்டாத கிஷன். இன்னும் கொஞ்சம் நேரம்... கொஞ்சம் இருடா. ரயிலு பிந்தியிருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. இந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான் காத்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினேனே, எனக்குக் கண் எங்கே போயிருந்தது? பகலெல்லாம் கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளே, பிள்ளைக்குக் காவல் என்றல்லவா நினைத்தேன்?

கிஷன் பூட்டை மாட்டி அமுக்கினான். இழுத்துப் பார்த்தான், அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்புறம் அம்மாவிடம் வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான்.

"அப்பா வரமாட்டாரு மா" என்றான். "உள்ள வா. கொசு கடிக்கும்."